பனியன் யூனிட் கம்ப்யூட்டர்களுக்குப் பாதுகாப்பு: சாஃப்ட்வேர் வாங்கும் முன் செய்ய வேண்டியவை

கேட்டவர் திருப்பூரில் 18 பேரை வைத்துச் சின்னதாகப் பனியன் யூனிட் நடத்துகிறார். ஆபீஸில் மூன்று கம்ப்யூட்டர், அதில் ஒன்றில் கணக்கு எழுதும் டேலி சாஃப்ட்வேர். வெளிநாட்டு பையர் இரண்டு பேர், மீதி உள்ளூர் ஜாப் ஒர்க். பக்கத்துத் தெரு யூனிட்டில் டேலி டேட்டா மொத்தமும் லாக் ஆகி, திறந்துவிட டாலரில் பணம் கேட்டு மெசேஜ் வந்திருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு, "50,000 ரூபாய் வரை செலவு செய்யலாம், எந்த சாஃப்ட்வேர் வாங்குவது?" என்று கேட்கிறார்.

சாஃப்ட்வேரை அப்புறம் பார்ப்போம். திருப்பூர், அவினாசி, பல்லடம் பக்கம் சின்னக் கம்பெனிகளின் சிஸ்டம் வேலையைப் பல வருடமாகப் பார்த்துவருகிறேன். நான் போய் நின்ற இடங்களில் பணமோ டேட்டாவோ போனது பெரும்பாலும் மூன்று வழியாகத்தான்: டேலி இருக்கும் கம்ப்யூட்டர், பையருக்குப் போகும் மெயில், ஓடிபி வரும் போன். இந்த மூன்றையும் சரிசெய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். அதற்கப்புறம் வேண்டியது விடாத பழக்கம்.

முதலில் பேக்கப். ரான்சம்வேர், அதாவது ஃபைல்களைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் வைரஸ், விழுந்த ஒரு கம்பெனிக்குக் காலை பத்து மணிக்குக் கூப்பிட்டார்கள். அக்கவுண்ட்ஸ் பார்க்கும் அம்மா டேலியைத் திறந்தால் கம்பெனி லிஸ்ட் காலி. டேட்டா ஃபோல்டருக்குள் போனோம். ஃபைல்கள் எல்லாம் அங்கேயே இருந்தன, ஆனால் ஒவ்வொன்றின் பெயருக்குப் பின்னாலும் புதிதாக ஒரு வால் ஒட்டியிருந்தது. ஃபோல்டருக்கு ஒன்றாக ஒரு நோட்பேட் ஃபைல், அதில் தொடர்புகொள்ள ஒரு மெயில் முகவரி. "பேக்கப் இருக்கா?" என்று கேட்டேன். "தினமும் எடுக்கறேன் சார்" என்று சிபியுவுக்குப் பின்னால் செருகியிருந்த ஹார்ட் டிஸ்க்கைக் காட்டினார். திறந்து பார்த்தோம். அதிலும் அதே வால். மூன்று வருடமாக ஒருநாள் விடாமல் எடுத்த பேக்கப் அது. அந்த அம்மா மேல் எந்தத் தப்பும் இல்லை. எடுத்து முடித்ததும் கேபிளைக் கழற்றி வைக்க வேண்டும் என்று யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

ரான்சம்வேர் கம்ப்யூட்டரில் எதெல்லாம் டிரைவாகத் தெரிகிறதோ அதையெல்லாம் பூட்டும். செருகியே இருக்கும் ஹார்ட் டிஸ்க், பென் டிரைவ், நெட்வொர்க்கில் ஷேர் போட்ட ஃபோல்டர் எதுவும் தப்பாது. தப்புவது ஒயரில் இல்லாததுதான். 2017 ஜூனில் நாட்பெட்யா என்ற வைரஸ் மெர்ஸ்க் கப்பல் கம்பெனியை உலகம் முழுக்க முடக்கியது. நம் சரக்கையும் ஏற்றிப்போகும் அதே மெர்ஸ்க்தான். மும்பை ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அவர்களுடைய முனையமும் நின்றுபோனது. அவர்களுடைய நெட்வொர்க்குக்குச் சாவிக்கொத்து மாதிரி இருந்த சர்வர்கள் எல்லா நாட்டிலும் அழிந்துவிட, மிஞ்சியது ஆப்பிரிக்காவில் கானா ஆபீஸில் இருந்த ஒன்றே ஒன்று. அந்த நேரத்தில் அங்கே கரண்ட் இல்லாததால் அது நெட்வொர்க்கில் இல்லை. அந்த ஒன்றை வைத்துத்தான் கம்பெனியைத் திரும்ப எழுப்பினார்கள். அதற்குள் நஷ்டம் 25 முதல் 30 கோடி டாலர். அவர்களைக் காப்பாற்றியது ஒரு கரண்ட் கட். உங்களிடம் அந்த வேலையைச் செய்ய வேண்டியது கழற்றி வைத்த ஒரு ஹார்ட் டிஸ்க்.

அதனால் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்குங்கள். மேலே பெயின்டில் 1, 2 என்று எழுதுங்கள். ஒரு வாரம் ஒன்று, அடுத்த வாரம் மற்றது. பேக்கப் எடுக்கும் அரை மணி நேரம் மட்டும் செருகி இருக்கட்டும். ஆபீஸில் இல்லாதது உங்கள் வீட்டு பீரோவில் இருக்கட்டும், தீப்பிடித்தாலும் திருடு போனாலும் அது இருக்கும். டேலியோடு நிறுத்திவிடாதீர்கள். பையர் அனுப்பிய டெக் பேக் (ஆடையின் அளவு, துணி விவரம்), பேட்டர்ன் ஃபைல், ஜிஎஸ்டி ரிட்டர்ன், பிஎஃப், இஎஸ்ஐ காகிதங்கள், ஷிப்மென்ட் டாக்குமென்ட் எல்லாம் சேர வேண்டும். அன்றாடத்துக்கு கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் மாதிரி ஒன்றும் கூடவே இருக்கலாம். ஆனால் அது மட்டும் போதாது. கம்ப்யூட்டரில் ஃபைல் பூட்டப்பட்டால் பூட்டிய ஃபைலே அங்கேயும் போய் உட்காரும். பழைய பதிப்பைத் திரும்ப எடுக்கும் வசதி சில நாட்களுக்குத்தான்.

மாதம் ஒருமுறை அந்த ஹார்ட் டிஸ்க்கிலிருந்து வேறொரு கம்ப்யூட்டரில் டேலி டேட்டாவை ரீஸ்டோர் செய்து, கடைசி பில் நம்பர் வருகிறதா என்று பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப்பாகக் கணக்கில் எடுப்பதில்லை. பழுதான டிஸ்க்கில் ஆறு மாதம் பேக்கப் எடுத்துக்கொண்டிருந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

சரி, முதலில் சொன்ன கம்பெனியில் ரான்சம்வேர் உள்ளே வந்தது எப்படி? அந்தக் கம்பெனியில் ஓனர் வீட்டிலிருந்து டேலி பார்க்க ஆசைப்பட்டிருக்கிறார். சிஸ்டம் பார்க்கும் பையன் ரௌட்டரில் 3389 என்ற போர்ட்டை, அதாவது வெளியிலிருந்து உள்ளே வரும் ஒரு கதவைத் திறந்து, தூரத்திலிருந்து கம்ப்யூட்டரை இயக்கும் விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப்பை நேராக இன்டர்நெட்டுக்குக் காட்டி வைத்துவிட்டார். பாஸ்வேர்ட் கம்பெனி பெயரோடு 123. திறந்து கிடக்கும் இந்த போர்ட்டைத் தேடி இரவு பகலாக உலகம் முழுக்கப் புரோகிராம்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. திருப்பூர் கம்பெனியா டோக்கியோ கம்பெனியா என்று அவை பார்ப்பதில்லை. திறந்திருந்தால் பாஸ்வேர்டை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும். "நம்மளை மாதிரி சின்ன ஆளை எவன் தேடி வரப்போறான்" என்று பலர் சொல்வதை நான் ஒப்புக்கொள்ளாததற்குக் காரணம் இதுதான். உங்களை யாரும் தேடவில்லை, திறந்த கதவைத்தான் தேடுகிறார்கள்.

உங்கள் சிஸ்டம்காரரிடம் நேராகக் கேளுங்கள்: "நம்ம ரௌட்டர்ல போர்ட் ஃபார்வர்டிங் எதாவது போட்டிருக்கா?" இருந்தால் அன்றைக்கே மூடச் சொல்லுங்கள். வெளியிலிருந்து ரிப்போர்ட் பார்க்க டேலி பிரைமிலேயே வசதி இருக்கிறது. முழு கம்ப்யூட்டரும் வேண்டுமானால் விபிஎன் (இன்டர்நெட்டுக்குள் பூட்டிய தனிப் பாதை) போட்டு, அதன் வழியாக மட்டும் வரலாம். எனிடெஸ்க், டீம்வியூவர் போன்றவற்றை சர்வீஸ் நேரத்தில் திறந்து, வேலை முடிந்ததும் மூடுங்கள். ஆளில்லாமலே உள்ளே வர ஒரு பாஸ்வேர்ட் போட்டு விட்டுப்போகும் பழக்கம் வேண்டாம்.

அடுத்தது அப்டேட். 2017 மே 12 அன்று வான்னாக்ரை பரவி ஏறத்தாழ 150 நாடுகளில் கம்ப்யூட்டர்கள் பூட்டிக்கொண்டன. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-லேயே கொடுத்துவிட்டது. இடையில் இரண்டு மாதம் இருந்தது. "அப்டேட் போட்டா சிஸ்டம் ஸ்லோ ஆகுது" என்று நிறுத்தி வைத்திருந்தால் மறுபடி ஓடவிடுங்கள், சனிக்கிழமை இரவு போட்டுவிட்டுப் போனால் வேலை கெடாது. விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. 11 ஏறாத பழைய கம்ப்யூட்டரில் டேலியோ நெட் பேங்கிங்கோ இருக்கக் கூடாது. எம்ப்ராய்டரி மெஷினோடும், கம்ப்யூட்டரில் டிசைன் வரையும் கேட் சாஃப்ட்வேரோடும் கட்டிப்போட்ட விண்டோஸ் 7 சிஸ்டத்தை மாற்ற முடியாது என்பது எனக்குத் தெரியும். அதை இன்டர்நெட்டிலிருந்து கழற்றிவிட்டு அந்த ஒரு வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

லைசென்ஸ் வாங்காமல் பூட்டை உடைத்து ஓட்டும் கிராக் சாஃப்ட்வேர் பற்றி ஒரே விஷயம். கிராக் ஃபைலை ஓட்டும்போது "முதலில் ஆன்டிவைரஸை நிறுத்து" என்று சொல்லும். அந்த நிமிடம் உள்ளே என்ன வருகிறது என்பதைப் பார்க்க யாருமே இல்லை. விண்டோஸ், டேலி, ஃபோட்டோஷாப் எதுவானாலும் ஒரிஜினல் போடுங்கள், முடியாதபோது இலவசமாகக் கிடைக்கும் மாற்றைப் போடுங்கள். விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் ஆன்டிவைரஸ் அப்டேட்டாக இருந்தால், உங்கள் அளவுக்கு அதுவே போதும் என்பது என் அபிப்பிராயம்.

இனி மெயில். எக்ஸ்போர்ட் செய்பவர்களுக்கு இதுதான் பெரிய அடி. ரான்சம்வேரில் போவது டேட்டா, மெயிலில் போவது ஒரு ஷிப்மென்ட்டின் முழுப் பணம்.

நடப்பது இப்படி. பையரோடு ஆர்டர் விஷயம் பேசும் உங்கள் மெர்ச்சண்டைசரின் மெயில் பாஸ்வேர்ட் ஏதோ ஒரு போலி லாகின் பக்கத்தில் போய்விடுகிறது. திருடியவன் உடனே ஒன்றும் செய்வதில்லை. வாரக்கணக்கில் உட்கார்ந்து படிக்கிறான். எந்த பையர், எந்த பிஓ (பர்ச்சேஸ் ஆர்டர்), எத்தனை பீஸ், எப்போது பேலன்ஸ் பேமென்ட் என்று எல்லாம் அவனுக்குத் தெரியும். சரக்கு கப்பல் ஏறியதும் பையருக்கு ஒரு மெயில் போகிறது: எங்கள் பேங்க்கில் ஆடிட் நடக்கிறது, இந்த முறை மட்டும் இந்த அக்கவுண்டுக்கு அனுப்புங்கள். ஸ்டைல் நம்பர் சரி, இன்வாய்ஸ் நம்பர் சரி, கீழே பழைய கடிதங்கள் எல்லாம் அப்படியே. முகவரியில்தான் வித்தியாசம். உங்கள் டொமைனில் ஆங்கில 'எம்' இருந்தால், அதற்குப் பதில் சின்ன எழுத்தில் 'ஆர்', 'என்' இரண்டையும் ஒட்டிப் போட்டுப் புது டொமைன் வாங்கியிருப்பான். போன் திரையில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். அதோடு, "பேமென்ட்", "பேங்க்" என்ற சொல் உள்ள மெயில்கள் உங்கள் இன்பாக்ஸுக்கு வராமல் வேறு ஃபோல்டருக்குப் போகும்படி ஒரு ஃபில்டரும் போட்டிருப்பான். பையர் சந்தேகப்பட்டுக் கேட்டாலும் அந்தக் கேள்வி உங்கள் கண்ணில் படாது. இருபது நாள் கழித்து நீங்கள் பணம் எங்கே என்று கேட்பீர்கள், அவர் பணம் அனுப்பியதற்கான ஸ்விஃப்ட் காப்பியை அனுப்புவார்.

இதற்கு நான் சொல்லும் மருந்து போன் கால். பேங்க் விவரம் மாறுகிறது என்று எந்த மெயில் வந்தாலும், யாரிடமிருந்து வந்தாலும், ஏற்கெனவே கையில் இருக்கும் நம்பருக்குப் போன் செய்து குரலில் உறுதிசெய்ய வேண்டும். அந்த மெயிலில் கொடுத்திருக்கும் நம்பருக்கு இல்லை. பையர்களிடம் இன்றே சொல்லிவிடுங்கள்: "எங்கள் அக்கவுண்ட் மாறாது. மாறினால் நானே வீடியோ காலில் வந்து சொல்வேன்." அதே வாசகத்தைப் புரோஃபார்மா இன்வாய்ஸின் அடியில் அச்சிடுங்கள். நூல் மில்லுக்கும் டையிங்குக்கும் நீங்கள் கொடுக்கும் பணத்துக்கும் இதே விதிதான். ஆர்டிஜிஎஸ், நெஃப்டில் புது அக்கவுண்ட் சேர்க்கும்போது அதன் உரிமையாளர் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி பேங்க்குகளுக்கு உத்தரவு போட்டது. மில்லின் பெயர் வர வேண்டிய இடத்தில் யாரோ ஒரு தனி ஆள் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

மெயிலுக்கு இரண்டடுக்கு சரிபார்ப்பைப் போடுவது இதோடு சேர்ந்தது. பாஸ்வேர்டுக்கு அப்புறம், போனில் உள்ள ஆத்தென்டிகேட்டர் ஆப் காட்டும் ஆறு இலக்க எண்ணையும் மெயில் கேட்கும். பாஸ்வேர்ட் மட்டும் திருட்டுப் போனால் மெயில் திறக்காது. அந்த ஆறு இலக்கத்தையும் கேட்டு வாங்கும் போலிப் பக்கங்கள் இருக்கின்றன, அதனால் மெயிலில் வந்த லிங்க் வழியாக ஒருபோதும் லாகின் ஆகாதீர்கள். மாதம் ஒருமுறை மெயில் செட்டிங்ஸில் ஃபில்டர், ஃபார்வர்டிங் இரண்டையும் திறந்து, நீங்கள் போடாதது ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

மூன்றாவது, போன். உங்கள் கரண்ட் அக்கவுண்டுக்கு ஓடிபி எந்த நம்பருக்கு வருகிறது? பல கம்பெனிகளில் அது அக்கவுண்டன்டின் சொந்த நம்பராக இருக்கிறது. சில இடங்களில் போன வருடம் நின்றுபோனவரின் நம்பர். முதலில் அதைச் சரிசெய்யுங்கள். என் யோசனை, ஒரு சாதாரண பட்டன் போன் வாங்கி, பேங்க் ஓடிபிக்கென்று தனி சிம் போட்டு, உங்கள் டிராயரில் வைத்துக்கொள்வது. இப்போது வாட்ஸப்பில் கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் அபராதம், பேங்க் கேஒய்சி என்ற பெயரில் ஏபிகே ஃபைல்கள் (ஆண்ட்ராய்டு போனில் ஆப்பை இன்ஸ்டால் செய்பவை) வருகின்றன. அதைத் தொட்டு இன்ஸ்டால் செய்தால் அந்தப் போனுக்கு வரும் எஸ்எம்எஸ் எல்லாம் வேறொருவனுக்குப் போகும். பட்டன் போனில் ஏபிகே இன்ஸ்டால் ஆகாது. அந்த நம்பரை வேறு எதற்கும், விசிட்டிங் கார்டுக்கும்கூட, கொடுக்காதீர்கள். அந்தப் போனில் காரணமில்லாமல் சிக்னல் போய் வெகுநேரம் வராவிட்டால், உங்கள் பெயரில் வேறு சிம் வாங்கிவிட்டார்களோ என்று நினைத்து உடனே சிம் கம்பெனியையும் பேங்க்கையும் கூப்பிடுங்கள்.

பேங்க்கில் மேக்கர், செக்கர் முறையைக் கேளுங்கள். அக்கவுண்டன்ட் பேமென்ட்டைப் பதிவு செய்வார், நீங்கள் உங்கள் லாகினில் ஒப்புதல் கொடுத்தால்தான் போகும். இது அவரைச் சந்தேகப்படுவது ஆகாது. ஏமாற்று போன் கால் வந்தால் அவர் ஒருவர் தலையில் மட்டும் பாரம் விழாமல் காப்பது. பேங்க் இணையப் பக்கத்தின் முகவரி 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடிகிறதா என்றும் பாருங்கள். இந்தியப் பேங்க்குகள் எல்லாம் 2025 அக்டோபர் 31-க்குள் அதற்கு மாற வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. யுபிஐ பற்றி ஊழியர்கள் எல்லோருக்கும் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: பணம் வாங்குவதற்கு பின் நம்பர் தேவையே இல்லை. பின் கேட்டால் பணம் உங்களிடமிருந்து போகப்போகிறது.

பாஸ்வேர்ட் விஷயத்தில் மாதாமாதம் மாற்றச் சொல்லும் பழைய அறிவுரையை விட்டுவிடுங்கள். மாற்றச் சொன்னால் ஆட்கள் கடைசியில் ஒரு எண்ணை மட்டும் கூட்டுவார்கள். நீளம்தான் முக்கியம். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்துப் போடுங்கள்: தாழ்ப்பாள், பம்பரம், சுண்டல், வியாழன் என்கிற மாதிரி. (இதையே போடாதீர்கள், உங்களுடையதை யோசியுங்கள்.) மெயிலுக்கு ஒன்று, பேங்க்குக்கு ஒன்று, ஜிஎஸ்டிக்கு ஒன்று என்று தனித்தனியாக இருக்க வேண்டும். நினைவில் நிற்காது என்றால் பிட்வார்டன் மாதிரி பாஸ்வேர்ட் மேனேஜர் இலவசமாகவே கிடைக்கிறது. அது பிடிக்காதவர் ஒரு நோட்டில் எழுதி பீரோவில் பூட்டி வைக்கலாம். மானிட்டரில் ஒட்டிய மஞ்சள் காகிதத்தைவிட அது ஆயிரம் மடங்கு மேல்.

ஒருவர் வேலையை விட்டு நிற்கும் நாள் பாஸ்வேர்டுகள் மாற வேண்டிய நாள். மெயில், டேலி யூசர், வைஃபை, வாட்ஸப் பிசினஸில் இணைத்த கம்ப்யூட்டர்கள், சிசிடிவி ஆப் எல்லாம். நல்லபடியாகப் பிரிந்து போனவராக இருந்தாலும் செய்யுங்கள், பின்னால் ஏதாவது நடந்தால் அவர் மேல் சந்தேகம் வராது. சிசிடிவி காட்சியைப் பதிவு செய்யும் டிவிஆரில் வாங்கி வந்தபோது இருந்த பாஸ்வேர்டே இருந்தால் அதையும் மாற்றுங்கள். 2016-ல் மிராய் என்ற வைரஸ் இப்படிப்பட்ட கேமராக்களையும் டிவிஆர்களையும்தான் லட்சக்கணக்கில் பிடித்தது.

ஆன்லைனில் கையெழுத்துப் போட உதவும், பென் டிரைவ் மாதிரி இருக்கும் உங்கள் டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன் எங்கே இருக்கிறது? ஆடிட்டர் ஆபீஸ் டிராயரில், அதன் மேலேயே பாஸ்வேர்ட் ஒட்டியபடி இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆடிட்டர் நல்லவர்தான், ஆனால் அந்த டிராயரைத் திறக்கும் எல்லோரையும் உங்களுக்குத் தெரியாது. சட்டப்படி அது உங்கள் கையெழுத்து. வாங்கி உங்களிடம் வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது கொண்டுபோய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வாருங்கள்.

இத்தனைக்கும் பிறகும் ஏதாவது நடந்தால்? பணம் போயிருந்தால் உடனே 1930. இது சைபர் குற்றங்களுக்கான தேசிய உதவி எண். பேங்க்குக்கும் அதே நேரத்தில் சொல்லுங்கள், தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் எழுத்திலும் கொடுங்கள். திருடியவன் பணத்தை அக்கவுண்ட் அக்கவுண்டாக மாற்றிக்கொண்டே போவான். அவன் எடுப்பதற்குள் தகவல் போனால் நடுவில் நிறுத்திவைக்க முடியும், அதனால் முதல் ஒரு மணி நேரம்தான் உயிர்நாடி. பையர் தவறான அக்கவுண்டுக்கு அனுப்பியிருந்தால், திரும்பக் கேட்க வேண்டியது அவருடைய பேங்க். அவரை அன்றைக்கே அங்கே போகச் சொல்லுங்கள், அவர் நாட்டுப் போலீஸிலும் புகார் கொடுக்கச் சொல்லுங்கள். போலி மெயிலைக் கோபத்தில் அழித்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி.

கம்ப்யூட்டர் பூட்டிக்கொண்டால் முதலில் லேன் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை நிறுத்துங்கள். திரையைப் போனில் படம் எடுங்கள். சிஸ்டம்காரர் பதற்றத்தில் ஃபார்மேட் அடிக்க விடாதீர்கள், அந்த ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டுப் புதியதில் வேலையைத் தொடங்கட்டும். ஐரோப்பியப் போலீஸ் அமைப்பான யூரோபோல், டச்சுப் போலீஸோடும் பாதுகாப்புக் கம்பெனிகளோடும் சேர்ந்து 2016-ல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்தில் சில வகைப் பூட்டுகளுக்குச் சாவி இலவசமாகக் கிடைக்கிறது. இன்று இல்லாத சாவி ஆறு மாதம் கழித்து வரலாம். பணம் கட்டுவதை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை, கட்டினால் திறந்துவிடுவான் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது.

ஊழியர்களைப் பற்றி ஒன்று. தெரியாமல் ஒரு லிங்க்கைத் தொட்டுவிட்ட பெண் உங்களிடம் அதைச் சொல்லப் பயந்தால், அந்த ஒரு மணி நேரம் வீணாகிவிடும். அவர்களைக் கூப்பிட்டு வெளிப்படையாகச் சொல்லுங்கள்: "தப்பா எதையாவது தொட்டுட்டா ஓடி வந்து சொல்லுங்க, திட்ட மாட்டேன்." சொன்னபடி திட்டாமலும் இருங்கள்.

உங்கள் 50,000-க்கு வருகிறேன். இரண்டு ஹார்ட் டிஸ்க், ஒரு பட்டன் போன், ஒரு சிம். விண்டோஸ் லைசென்ஸ் இல்லாத சிஸ்டம் இருந்தால் அதற்கு லைசென்ஸ். மெயில் இன்னும் இலவச ஐடியில் ஓடுகிறது என்றால் சொந்த டொமைனில் மூன்று பேருக்கு மெயில். சிஸ்டம்காரருக்கு ஒருநாள் கூலி கொடுத்து ரௌட்டரையும் மூன்று கம்ப்யூட்டரையும் உங்கள் கண் முன்னால் உட்கார்ந்து சரிபார்க்கச் சொல்லுங்கள். மிச்சம் இருந்தால் கையில் வைத்துக்கொள்ளுங்கள், விண்டோஸ் 11 ஏறாத சிஸ்டம் எது என்று அன்றைக்குத் தெரிந்துவிடும், அதை மாற்ற ஆகும்.